தமிழ் விவிலியத்தில் சாத்தானின் பெயர்கள்

கிறித்தவ மறைநூலில் நம்பிக்கையாளரின் ஆன்மிகப் பகைவன் பல பெயர்களால் சுட்டப்படுகிறான். தமிழ் மொழிபெயர்ப்புகளில் சாத்தான், பிசாசு, அலகை என்பவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பொருளையும் பாதித்தது.

மூலச் சொற்கள்

'சாத்தான்' எபிரேயச் சொல். எதிராளி என்பது அதன் பொருள். சாத்தனார் போன்ற தமிழ்ப் பெயர்களில் வரும் 'சாத்தன்' என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. தொடக்கத்தில் அது தனி ஒருவனின் பெயராக இருக்கவில்லை. எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில் பிலேயாமின் வழியை மறித்து நிற்கும் கடவுளின் தூதரையே அச்சொல் குறிக்கிறது. யோபு, சகரியா நூல்களில் அது கடவுளின் முன்னிலையில் மனிதர்மேல் குற்றம் சாட்டுபவனைக் குறிக்கிறது.

கிரேக்கத்தில் இதற்கு இணையாக வந்த 'தியாபொலொஸ்' அவதூறு பேசுபவன் எனப் பொருள்படும். திருவெளிப்பாடு 12ஆம் அதிகாரம் இவ்விரு பெயர்களையும் பழைய பாம்போடு சேர்த்து ஒருவனுக்கே உரியதாக்குகிறது. 1 பேதுரு 5:8 அவனை வழக்கின் எதிர்த்தரப்பாளனாகவும் கர்ச்சிக்கும் சிங்கமாகவும் காட்டுகிறது. மனிதரைப் பிடித்து வருத்தும் ஆவிகளுக்கு நற்செய்தி நூல்கள் 'தைமோனியன்' என்ற வேறு சொல்லை வழங்குகின்றன.

தமிழ் மொழிபெயர்ப்புகள்

சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. பப்ரிசியஸின் புதிய ஏற்பாடு 1772இல் சென்னை வேப்பேரியில் வெளிவந்தது. ஹென்றி பவர் தலைமையில் உருவான 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பே சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பரவலாக வாசிக்கப்படுகிறது. அதில் தியாபொலொஸ், தைமோனியன் இரண்டுக்கும் 'பிசாசு' என்ற ஒரே சொல் வருகிறது. லூத்தரின் ஜெர்மன் விவிலியமும் இவ்வாறே இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தது. பிசாசு என்பது ஊனுண்ணும் ஆவியைக் குறிக்கும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. எனவே அவதூறு பேசுபவன் என்ற மூலப்பொருள் அதில் இல்லை.

1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு இரண்டையும் பிரித்தது. தியாபொலொஸ் 'அலகை' ஆனது. தைமோனியன் 'பேய்' ஆனது. அலகை திருக்குறளின் 850ஆம் குறளிலேயே வரும் பழஞ்சொல். ஆங்கிலத்தில் புகழ்பெற்ற 'லூசிபர்' என்ற பெயர் ஏசாயா 14:12இன் இலத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. தமிழ் விவிலியங்களில் அவ்விடத்தில் 'விடிவெள்ளி' என்றே உள்ளது.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி என நீளும் வடசென்னையில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் அருகருகே வாழ்கின்றனர். இயேசு பாலைவனத்தில் சோதிக்கப்பட்ட பகுதியை ஒரு தரப்பினர் அலகை என்றும், மறு தரப்பினர் பிசாசு என்றும் வாசிக்கின்றனர்.

விளைவு

பேய், பிசாசு ஆகியவை நாட்டார் வழக்கில் முன்பே வாழ்ந்த சொற்கள். சமயப் பரப்பாளர்கள் அவற்றை ஊர்த் தெய்வங்கள்மீதும் ஏற்றினர். கால்டுவெல் 1849இல் வெளியிட்ட ஆங்கில நூல், திருநெல்வேலிப் பகுதி மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என விவரித்தது. அந்த நூல் பின்னர் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பிறர்மேல் பொய்க் குற்றம் சுமத்துபவனைக் குறித்த பெயர், இவ்வாறு அயலாரின் வழிபாட்டைக் குற்றப்படுத்தும் சொல்லாகவும் பயன்பட்டது.