மூட்டையில் வந்த வேதம்: கம்பளைப் பக்கத் தோட்டச் சபைகளின் வரலாறு

கம்பளை என்றதும், பதினான்காம் நூற்றாண்டில் நான்காம் புவனேகபாகு மன்னன் மகாவலி கங்கைக் கரையில் நிறுவிய தலைநகரமே வரலாற்று நூல்களில் முதலில் பேசப்படும். மலையகத் தமிழரின் வரலாறோ அதே ஊரை வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. 1823, 1824ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் ஊரை ஒட்டிய சிங்காபிட்டியவில் வணிக நோக்கில் கோப்பி பயிரிட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அத்தொழிலுக்கு ஊக்கமளித்தார். அதைத் தொடர்ந்து மலைச்சரிவுகளில் பரவிய தோட்டங்களே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து இலட்சக்கணக்கானோரைக் கண்டிச் சீமைக்கு இழுத்து வந்தன. ‘கண்டிச் சீமை’ என்பது தமிழகக் கிராமங்களில் இலங்கையின் தோட்டப் பகுதி முழுவதற்கும் வழங்கிய பெயர். 2023இல் ‘மலையகம் 200’ என்று நினைவுகூரப்பட்டது இந்தத் தொடக்கத்தைத்தான்.

வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் மாரியம்மனையும் ஊர்க் காவல் தெய்வங்களையும் கும்பிட்டவர்கள். சிறு பகுதியினர் கிறிஸ்தவர்கள். இச்சிறு பகுதியினரின் நம்பிக்கையைத் துரைமார் தந்தது என்றும், வெள்ளைக்கார மிஷனரிகள் தோட்டத்தில் விதைத்தது என்றும் சொல்லிக் கடந்துபோவது எளிது. கம்பளை, புசல்லாவை, தொலஸ்பாகை, நாவலப்பிட்டி ஆகிய பகுதிகளின் சபைகள் உருவான விதத்தைக் கூர்ந்து பார்த்தால், அவற்றின் வேர் பெரிதும் திருநெல்வேலிச் சீமையில் இருப்பதும், அவற்றைக் காத்து நின்றவை குடும்பங்களே என்பதும் தெரியவரும்.

கண்டி இராச்சியத்தில் கிறிஸ்தவம் தோட்டங்களுக்கு நெடுங்காலம் முந்தியது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் இலங்கையில் கரையிறங்கினார். யாழ்ப்பாணத்தில் தங்கித் தமிழ் கற்றார். 1692இல் கண்டியை அடைந்தபோது ஒற்றன் என்னும் ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார். அம்மை நோய் பரவிய 1697இல் கைவிடப்பட்ட நோயாளிகளை அவர் தம் கையால் பராமரித்தது மன்னனின் மனத்தை வென்றது. 1711 ஜனவரி 16 அன்று கண்டியிலேயே மறைந்த அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் கொழும்பில் புனிதராக அறிவித்தார். பின்னாளில் தோட்டங்களுக்கு வந்த கத்தோலிக்கத் தமிழர் அவர் பெயரைப் பெருமையோடு சொல்லிக்கொண்டனர். இக்கட்டுரை முதன்மையாகப் பேசுவது அங்கிலிக்கன் சபைகளைப் பற்றியே. காரணம், தோட்டத் தமிழருக்கென்றே தனி அமைப்பாக எழுந்த மிஷன் அப்பக்கத்தில்தான் தோன்றியது.

இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கம், அதாவது பொதுமக்கள் வழக்கில் ‘சி.எம்.எஸ்.’, 1818இல் இலங்கையில் பணி தொடங்கி, அதே ஆண்டிலேயே கண்டியில் சாமுவேல் லாம்பிரிக்கை நிறுத்தியது. 1835இல் இலங்கைக்கு வந்த வில்லியம் ஓக்லி, ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல் 1886இல் இறக்கும்வரை இத்தீவிலேயே உழைத்தார். எனினும் கண்டியில் நடந்த அப்பணி பெரும்பாலும் சிங்களம் பேசுவோரிடையே நிகழ்ந்தது. கோப்பித் தோட்டங்களில் வேலைசெய்த தமிழர் அறுவடைக் காலத்துக்கு வந்து, கையில் மிஞ்சிய காசோடு ஊருக்குத் திரும்பியவர்கள். ஓரிடத்தில் தங்காத மக்களுக்குச் சபை அமைப்பது எவ்வாறு என்பது எவருக்கும் விளங்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடையாகவே 1854இல் கண்டியை மையமாகக் கொண்டு ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பட்டது. தோட்டத் துரைமார் சிலர் பணம் திரட்டினர், சி.எம்.எஸ். மேற்பார்வை செய்தது, ஆனால் தோட்டந்தோறும் நடந்து, தமிழில் பேசி, இறந்தவரை அடக்கம்செய்து, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து அழைத்து வரப்பட்ட உபதேசியார்கள்.

‘கூலி’ என்பது உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியத்தைக் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொல். அது ஆங்கிலத்துக்குப் போய் மனிதரைக் குறிக்கும் இழிசொல்லாகித் திரும்பி வந்து ஒரு திருச்சபை அமைப்பின் பெயர்ப்பலகையிலேயே ஏறிவிட்டது. அம்மிஷனின் நற்பணிகளை எவ்வளவு மதித்தாலும் இந்தப் பெயரின் காயத்தை மறைக்க இயலாது.

உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாத, ஆனால் மிஷனின் சம்பளத்தில் வேதம் கற்பிக்கும் ஊழியர். திருநெல்வேலியில் இப்பதவிக்கு நீண்ட மரபு உண்டு. 1799இல் சாத்தான்குளத்துக்கு அருகே முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பை உருவாக்க முன்னின்ற தாவீது சுந்தரானந்தம் அத்தகையவரே. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் உபதேசியார்களின் தொகை பெருகியது. கிராமச் சபையை நாள்தோறும் கட்டிக்காத்தவர்கள் அவர்களே. ஆகவே கண்டிச் சீமைக்குக் கப்பலேறியபோது அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. காலை, மாலை ஜெபம், ஞாயிறு ஆராதனை, வேதபாடம், சபையார் கூடி உண்ணும் அசனம் என, தங்கள் ஊரில் பழகிய ஒழுங்கையே அவர்கள் மலையில் விரித்தார்கள்.

தோட்டத்தில் அவர்களுடைய வேலை நேரம் பெரட்டையும் லயத்தையும் சார்ந்திருந்தது. பெரட்டு என்பது விடியற்காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம்; லயம் என்பது ஒரே கூரையின் கீழ் நீளமாக அடுக்கப்பட்ட ஒற்றை அறைக் குடியிருப்பு. பெரட்டுக்கு வந்தோரிடம் வேலை தொடங்குமுன் சில நிமிடம் பேசுவதும், பொழுது சாய்ந்தபின் லயத்து வாசலில் விளக்கு வைத்துப் பாட்டும் வாசிப்பும் நடத்துவதுமாக அவர்கள் நாள் கழிந்தது. துரையின் அனுமதியின்றித் தோட்ட எல்லைக்குள் கால்வைக்க முடியாது என்பதால், அவர்கள் பேச முடிந்ததற்கும் ஓர் எல்லை இருந்தது. தொழிலாளரின் கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ முறை 1921வரை நீடித்தது. அது மனிதரைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய ஏற்பாடு. துரைமாரின் நன்கொடையில் நடந்த மிஷன் அதை எதிர்த்து உரத்துக் குரல் எழுப்பாதது அதன் வரலாற்றிலுள்ள பெருங்குறை என்றே கூற வேண்டும்.

மிஷனை மையமாகக் கொண்டு 1876இல் மூண்ட சர்ச்சை இங்கிலாந்துவரை எட்டியது. அவ்வாண்டு கொழும்பு அத்தியட்சராகப் பொறுப்பேற்ற ரெஜினால்ட் கொப்பிள்ஸ்டன் முப்பது வயதே ஆனவர். தோட்டப் பகுதியில் தம்முடைய குருமார் ஒருபுறமும் சி.எம்.எஸ். மிஷனரிகள் மறுபுறமும் தனித்தனியே இயங்குவதை அவர் ஏற்கவில்லை. தமிழ்க் கூலி மிஷன் உட்பட எல்லாப் பணியும் அத்தியட்சரின் ஆளுகைக்குள் வரவேண்டும் என்றார். மறுத்த மிஷனரிகளின் உரிமங்களைத் திரும்பப் பெற்றார். 1880இல் இங்கிலாந்தின் பேராயர்கள் உள்ளிட்ட மூத்த அத்தியட்சர்களின் கருத்தைப் பெற்ற பின்னரே பிணக்கு தணிந்தது. ஆளுகை யாருடையது என்று பல ஆண்டுகள் வாதிட்ட அந்தப் பெரியோர், லயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த தமிழரின் விருப்பம் என்ன என்று கேட்கவில்லை.

அதே காலத்தில்தான் மலையின் பொருளாதாரமும் புரண்டது. 1869இல் முதலில் காணப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோப்பியை ஏறத்தாழ முற்றாக அழித்தது. 1876 முதல் 1878வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சம் மேலும் ஆயிரக்கணக்கானோரைக் கடல் கடக்க வைத்தது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, கோப்பி விட்ட இடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் சபைகளின் வாழ்வில் உண்டாக்கிய விளைவு பெரிது. கோப்பிக்கு அறுவடைப் பருவம் உண்டு. தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும் எடுக்க வேண்டும், அதற்குப் பெண்களின் கை வேண்டும். தனி ஆண்களாய் வந்துபோனவர்கள் குடும்பமாய்த் தங்கினர். 1874இல் நாவலப்பிட்டிவரை நீண்ட இருப்புப் பாதை கம்பளையைத் தோட்டங்களின் வாசலாக்கியது. அலைந்து திரிந்த ஆராதனைக்கு நிலையான கூரையும், சபைக்குச் சொந்தமான கல்லறை நிலமும் வாய்த்தன.

இக்காலச் சபைகளின் வாழ்க்கையை அறிய உதவும் ஆவணங்களுள் முதன்மையானது ஞானஸ்நானப் பதிவேடு. அங்கிலிக்கன் ஒழுங்குப்படி அமைந்த அப்பதிவேட்டின் பக்கத்தில் நாள், பிள்ளைக்கு இட்ட பெயர், தகப்பன் தாய் பெயர், வசிப்பிடம், தகப்பனின் தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவரின் கையொப்பம் எனக் கட்டங்கள் வரிசையாக இருக்கும். வசிப்பிடக் கட்டத்தில் ஊர்ப் பெயருக்குப் பதிலாகத் தோட்டத்தின் பெயரே நிற்கும். தொழில் கட்டத்தில் ‘கூலி’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். ஆனால் அதே வரியில், பெயர் கட்டத்தில், ஞானமுத்து, தேவசகாயம், வேதமாணிக்கம், பாக்கியம் போன்ற பெயர்கள் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலைநாட்களையும் கூலியையும் பதியும் பேரேட்டில், ஓர் எண்ணாக மட்டும் இருந்தவர், சபையின் பேரேட்டில் ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த பிள்ளையாகப் பதிவானார். அந்த ஒரு கட்டம், அவ்வளவு சிறிய இடம், அக்குடும்பங்களுக்கு எத்தனை பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

பதிவேட்டுக்கு இணையான மற்றோர் ஆவணம் வீட்டிலேயே இருந்தது. ஹென்றி பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் முழுமையாக வெளிவந்த தமிழ் வேதாகமம், காலப்போக்கில் புரொட்டஸ்தாந்துக் குடும்பங்களின் பொது நூலானது. தகரப் பெட்டியிலோ துணி மூட்டையிலோ வைத்துக் காக்கப்பட்ட அப்புத்தகத்தின் முன், பின் வெற்றுத் தாள்களில் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றை மையால் எழுதி வைப்பது குடும்பத்தில் எழுத்தறிந்தவரின் கடமையாயிற்று. படிப்பும் நம்பிக்கையும் இவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்தன. வேதம் வாசிக்கவேண்டும் என்பதற்காகவே எழுத்துக் கற்ற தலைமுறையிலிருந்து, அடுத்த தலைமுறையில் பள்ளி ஆசிரியரும் கணக்கப்பிள்ளையும் தோன்றினர். மலையகத் தமிழ் இலக்கியத்தின் மிகப் பழைய அச்சு நூல்களுள் ஒன்றாகக் கருதப்படும் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் வெளிவந்தது. கோப்பித் தோட்ட வேலைகளைக் கும்மிப் பாட்டாக்கிய அந்நூலின் ஆசிரியர் பெயர் ஆபிரகாம் ஜோசப் என்பது தற்செயலன்று.

சுதந்திரத்துக்குப் பின் வந்த சோதனை முன்னைய எல்லாவற்றிலும் கொடியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பன்வழி முன்னோர் இலங்கையில் பிறந்ததை நிறுவ முடியாத தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. மறு ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தும், ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. எங்கே, யாருக்கு, எப்போது பிறந்தாய் என்று அரசு கேட்ட கேள்விக்கு, சபைப் பதிவேட்டிலும் வேதத்தின் வெற்றுத் தாளிலும் விடை எழுதப்பட்டிருந்தது. எழுதியவர்கள் இப்படியொரு நாள் வரும் என்று எண்ணி எழுதவில்லை. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் ஒரு பங்கிலும் தம்பி மறு பங்கிலுமாகக் குடும்பங்கள் பிளந்தன.

கப்பலேறியவர்களுள் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்தன. நீலகிரியிலும் பிற மாவட்டங்களிலும் குடியேறிய அவர்களை, 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை ஏற்றுக்கொண்டது. பாட்டன் விட்டுவந்த திருநெல்வேலி அங்கிலிக்கன் சபையும் அதற்குள் இணைந்துவிட்டிருந்தது. தங்கியவர்கள் இலங்கைத் திருச்சபையில் நின்றனர். 1950இல் அமைந்த குருநாகல் மறைமாவட்டம் கண்டிப் பகுதியையும் தன்னுள் கொண்டது. தோட்டத் தமிழரின் உரிமைக்காகத் திருச்சபை வாய்திறக்கவில்லை என்ற பழைய குறையும் இக்காலத்தில் ஓரளவு நீங்கத் தொடங்கியது. இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் ‘சத்தியோதய’ நிலையத்தை நிறுவி, தோட்ட மக்களின் குடியுரிமை, ஊதியம், குடியிருப்பு ஆகியவை பற்றி எழுதியும் பேசியும் நெடுங்காலம் உழைத்தார். 1977, 1983 வன்செயல்களில் லயங்கள் எரிந்தபோதும் மலையை விட்டுப் போகாதவர்களின் உறுதியைப் பற்றி எழுதுவோர், அத்தகையோரின் துணையையும் சேர்த்தே எழுத வேண்டும். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே இறுதியில் குடியுரிமை அளித்தது.

இவ்வளவு நீண்ட வரலாற்றின் நேரடிச் சான்றுகள் இன்று ஈரம் ஏறிய அலமாரிகளிலும் பழைய பெட்டிகளிலும் கிடக்கின்றன. மலைநாட்டு மழையும் கறையானும் காகிதத்துக்கு இரக்கம் காட்டுவதில்லை. கம்பளைப் பக்கத்தில் பாட்டன் பாட்டியரின் வேதப் புத்தகத்தை வைத்திருக்கும் குடும்பத்தார் அதன் வெற்றுத் தாள்களை இப்போதே படம்பிடித்து வைக்க வேண்டும். சபைகளின் பொறுப்பாளர்கள் பழைய ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளைப் படியெடுத்துப் பாதுகாக்க வேண்டும். அப்பக்கங்களிலுள்ள கையெழுத்தை வாசித்துச் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.