அண்ணாமலை அடிவாரத்தில் ஓர் அழைப்பு

மாற்கு நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் ஒரு செல்வந்தன் ஓடிவந்து முழந்தாளிட்டு, நித்திய வாழ்வுக்கு வழி கேட்கிறான். இயேசு அவனை அன்போடு நோக்கி, உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மைப் பின்பற்றச் சொல்கிறார். அவன் முகம் வாடிப் போய்விடுகிறான். இயேசு அவனை மறிக்கவுமில்லை, சபிக்கவுமில்லை. கிறிஸ்தவம் விடுக்கும் மீட்பின் அழைப்புக்கு இதையே இலக்கணமாகக் கொள்கிறேன். அழைப்பு தெளிவானது, மறுமொழியோ கேட்பவருக்கே உரியது.

அழைப்பை முழுமனத்தோடு ஏற்றவர்களுள் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தலையாயவர். நெல்லைச் சீமையில் வைணவக் குடியில் பிறந்து, 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியனின் நூலைத் தழுவி 1894-இல் அவர் தந்த இரட்சணிய யாத்திரிகத்தில் கம்பனின் செல்வாக்கைக் காணலாம். புது நம்பிக்கைக்குள் தம் தமிழையும் அழைத்துக்கொண்டே அவர் வந்தார்.

திருவண்ணாமலை காட்டும் மறுமொழிகள் வேறு வகை. மதுரை அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற வேங்கடராமன், பெரியபுராணத்தில் உருகியவர், 1896 செப்டம்பர் 1 அன்று இவ்வூர் வந்தடைந்தார். ரமண மகரிஷியாக அறியப்பட்ட பின், மோசேக்குக் கடவுள் தம் பெயரை அறிவித்த யாத்திராகம வசனத்தையும் 46-ஆம் சங்கீதத்தையும் அன்பர்களிடம் போற்றி எடுத்துரைத்தார். அவர் கிறிஸ்தவராகவில்லை. ஆயினும் இதை மறுப்பு என்று எழுதி மூடிவிட எனக்கு மனம் வரவில்லை.

என்னை மிகவும் தொடுவது ஆன்றி லெ சோவின் வாழ்க்கை. 1910-இல் பிரான்சில் பிறந்த பெனடிக்ட் சபைத் துறவி; 1948-இல் இந்தியா வந்தார். 1949 ஜனவரியில் தோழர் ஜூல் மோன்சானேனுடன் ரமணரைத் தரிசித்தார். முதல் சந்திப்பில் ஏமாற்றமே மிஞ்சியது. பிறகு காய்ச்சலில் கிடந்தபோதுதான் ரமணரின் மௌனம் அவருள் இறங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு இருவரும் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். 1950-களில் அருணாசலம் எனப்படும் அண்ணாமலையின் குகைகளில் பலமுறை தனித்துத் தங்கினார். கிறிஸ்துவின் சாட்சியாக வந்தவர், இந்த மலை தம்மிடம் கேட்பதற்கு என்ன விடை சொல்வது என்று ஆண்டுக்கணக்கில் தவித்தார். அந்தத் தவிப்பை நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதினார். 1973 டிசம்பர் 7 அன்று இந்தூரில் மறையும்வரை அவர் குருத்துவத்தைத் துறக்கவில்லை, அருணாசலத்தையும் விடவில்லை. முரண்பாடு என்று சிலர் சொல்லக்கூடும். நான் நேர்மை என்பேன். பிறர் மனத்தைத் திறக்கச் சொல்பவர் தம் மனத்தைப் பூட்டிவைத்திருக்க முடியாது.

இம்மலரை வாசிக்கும் சபையாருக்கு ஒரு வேண்டுகோள். கிரிவலம் முடித்து உங்கள் திண்ணையில் அமரும் அன்பர் கேட்டால், உங்கள் நம்பிக்கையைத் தயங்காமல் சொல்லுங்கள். அவர் சொல்வதையும் முழுமையாகக் கேளுங்கள். அவர் ஏற்காமல் எழுந்து போனாலும், மறுமுறை வரும்போது அதே அன்போடு வரவேற்றுத் தண்ணீர் கொடுங்கள்.