போதகர் வைத்த தேர்வு

வடக்கு ஸ்வீடனில், போத்னியா வளைகுடாவின் வடகோடிக்கு அருகே, கம்மெல்ஸ்டாட் என்ற ஊரில் ஒரு கல் தேவாலயம் இருக்கிறது. நேடர்லூலியோ சபைக்குரிய அந்த ஆலயம் 15ஆம் நூற்றாண்டில், லூத்தருக்கு முன்பே, கத்தோலிக்கர்கள் எழுப்பியது. அதை நெருக்கியடித்துச் சூழ்ந்து 424 மரவீடுகள்: செந்நிறச் சுவர், வெள்ளைச் சட்டமிட்ட சன்னல், குறுகலான கதவு. ஒரே வீட்டின் அறைகள் வெவ்வேறு குடும்பங்களுக்குச் சொந்தமாக இருப்பதும் உண்டு. குடியிருக்கக் கட்டியவை அல்ல இவை. தொலைவிலிருந்து வந்து அன்றே திரும்ப முடியாத குடியானவர்கள் ஞாயிறும் பண்டிகையும் தங்கிப் போவதற்கானவை. 1621இல் இங்கே லூலியோ நகரம் நிறுவப்பட்டது. பனியூழியின் பாரம் நீங்கிய நிலம் இன்னும் மேலெழுந்துகொண்டே இருக்கும் பகுதி இது. துறைமுகம் ஆழம் குறைந்துபோனதால் 1649இல் நகரத்தைக் கடலோரமாக மாற்றினார்கள். வணிகம் அதனோடு போயிற்று, ஆலயமும் வீடுகளும் நின்றுவிட்டன. 1996இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இந்த வீடுகளைப் பக்தியின் சின்னமாகக் காட்டுவதே வழக்கம். பனியில் பல மணி நேரம் வண்டியோட்டி வந்தவர்களின் பக்தியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் கூடிய அதே நாட்களில்தான் சந்தையும் நடந்தது, நீதிமன்றமும் கூடியது. ஊர் இளைஞர்கள் பெண் பார்த்ததும் அப்போதுதான். அதைவிட முக்கியமாக, ஸ்வீடனின் கிராமத் திருச்சபை அந்தக் காலத்தில் வழிபாட்டுக் கூடம் மட்டுமல்ல, அரசின் கீழ்மட்ட அலுவலகமும்கூட. யார் பிறந்தார், யார் இறந்தார், யார் ஊர் மாறினார் என்பதைப் போதகர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் விதித்தது. 1749 முதல் நாடு முழுவதும் மக்கள்தொகைப் புள்ளிவிவரம் தொகுக்கப்பட்டதும் இந்தப் பதிவேடுகளைக் கொண்டுதான்.

அந்தப் பதிவேட்டில் இன்னொரு வகைப் பக்கமும் இருந்தது. ஆண்டுக்கொருமுறை போதகர் ஊர் ஊராகச் சென்று, ஏதேனும் ஒரு வீட்டில் அக்கம்பக்கத்தவரை எல்லாம் கூட்டி, எஜமானனிலிருந்து வேலைக்காரப் பெண் வரை ஒவ்வொருவரையும் சோதித்தார். லூத்தரின் சிறிய ஞானோபதேசம் மனப்பாடமா, பொருள் தெரிகிறதா, புத்தகத்தைப் பார்த்து வாசிக்க வருகிறதா என்று தனித்தனிப் பத்தியில் குறிகள் இட்டார். ஞானோபதேசம் தெரியாதவருக்கு நற்கருணை இல்லை, திருமணமும் தட்டிப்போகும். தம் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பெற்றோரின் கடமை என்று 1723இல் அரசாணையும் வந்தது. தொடக்கப்பள்ளிச் சட்டம் வந்தது 1842இல், அதற்கு நெடுநாள் முன்பே ஸ்வீடனின் கிராமத்தார் வாசிக்கத் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். எழுதத் தெரிந்தவர்கள் மட்டும் வெகு சிலரே. எழுத்தைப் போதகர் சோதிக்கவில்லை, எனவே வீட்டில் யாரும் கற்பிக்கவும் இல்லை.

இதையெல்லாம் வாசிப்பு என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்ததைப் புத்தகத்தை விரித்து ஒப்பித்திருப்பார்கள், தம் சபைக்குத் தாமே மதிப்பெண் போடும் போதகர் தாராளமாகவே போட்டிருப்பார் என்பது அவர்கள் வாதம். பாதி நியாயம் இதில் உண்டு. ஆனால் தாராளம் காட்டுபவருக்கு ஒரே குறி போதும். மனப்பாடத்தையும் வாசிப்பையும் பிரித்துக் குறிக்க இரண்டு பத்தி எதற்கு? மேலும் 1700களின் தொடக்கப் பதிவுகளில் முதியவர்களைவிட இளையவர்களே வாசிப்பில் முன்னே நிற்கிறார்கள். புதிதாக ஒரு திறமை பரவும்போது காணப்படும் வரிசை இது. போதகர் கண்ணை மூடிக்கொண்டு குறியிட்டிருந்தால் எல்லா வயதினரும் ஒன்றுபோலத் தேறியிருப்பார்கள்.

அதைவிட வலுவான சான்று, அந்த வாசிப்பு திருச்சபைக்கே தலைவலியானது. போதகர் இல்லாமல் வீடுகளில் கூடி வேதம் வாசிப்பதை 1726இலேயே சட்டம் தடை செய்திருந்தது. தடையை மீறியும் வடக்கே ‘வாசகர்கள்’ என்றே பெயர் பெற்ற ஒரு கூட்டம் வளர்ந்தது. 1810இல் புதிய ஞானோபதேசம், மறு ஆண்டு புதிய வழிபாட்டு நூல், 1819இல் புதிய பாட்டுப்புத்தகம் என்று திருச்சபைத் தலைமை அடுத்தடுத்து அனுப்பியபோது, லூலியோ, பித்தியோ வட்டாரத்துக் குடியானவர்கள் அவற்றை லூத்தரின் பழைய நூல்களோடு ஒப்பிட்டு, இது லூத்தர் சொன்னதல்ல என்று மறுத்தார்கள். இரண்டு நூல்களை வைத்து ஒப்பிட மனப்பாடம் போதாது. அவர்கள் புரட்சிக்காரர்களும் அல்லர், பழைய புத்தகத்தையே கேட்டவர்கள். ஆனாலும் எது சரியான போதனை என்று முடிவு செய்யும் உரிமையை அவர்கள் கையில் எடுத்துக்கொண்டதுதான் அதிகாரிகளை உறுத்தியிருக்க வேண்டும். தடைச் சட்டம் 1858இல் நீங்கியது. எந்த மதச் சபையையும் சாராமல் இருக்கும் உரிமை 1951இல்தான் கிடைத்தது. குடிமக்கள் பதிவேடோ 1991 வரை சபை அலுவலகத்திலேயே இருந்து, அந்த ஆண்டு ஜூலையில் வரித்துறைக்குப் போயிற்று. அரசிடமிருந்து திருச்சபை பிரிந்தது அதற்குப் பிறகு, 2000இல்.