சில்லறைப் பஞ்சம்

பஞ்சம் என்ற சொல்லைக் கேட்ட அளவில் நெல்லும் நீரும் இல்லாத காலமே நம் நினைவிற்கு வரும். நெல் விளைந்தும், கையிற் காசு இருந்தும், ஏழையொருவன் கடைவாயிலில் நின்று இழப்பெய்தும் பஞ்சம் வேறொன்று உண்டு. அது சில்லறைப் பஞ்சம். மழை பொய்த்து வரும் பஞ்சத்தை ஊரார் அனைவரும் அறிவர். காலணாக் காலணாவாகக் கவர்ந்து செல்லும் இப்பஞ்சத்தையோ இழந்தவனும் கணக்கில் வைப்பதில்லை. ஆதலின் அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்து, அதனால் இழந்தவர் யாவர் என்பதை நம் சங்கத்து அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதற்கண் பழைய நாணய முறையை இளைஞர் பொருட்டுக் கூறுதல் வேண்டும். ரூபாய் ஒன்றுக்கு 16 அணா. அணா ஒன்றுக்கு 4 காலணா. காலணா ஒன்றுக்கு 3 தம்பிடி. ஆகவே ஒரு ரூபாய் 64 காலணாவும் 192 தம்பிடியுமாம். செல்வர் வீட்டுக் கணக்கு ரூபாயில் நடந்தது. அன்றாடங் கூலி பெற்று அன்றன்றைக்கு உப்பும் எண்ணெயும் வெற்றிலையும் வாங்குவோர் கணக்கோ காலணாவிலும் தம்பிடியிலுமே நடந்தது. சிறு நாணயம் ஏழையின் அளவுகோல் என்பதை ஈண்டு மனத்திற் கொள்க.

இத்துன்பம் முதல் உலகப் போர்க்காலத்திலேயே தலைகாட்டியது. வெள்ளி விலை ஏறவே, ரூபாயை உருக்குதல் ஊதியந் தரும் தொழிலாயிற்று. அரசாங்கத்தார் 1917-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒரு ரூபாய்த் தாளை வெளியிட்டனர். 1918, 1919 ஆண்டுகளில் இரண்டணா, நாலணா, எட்டணாக்களை வெள்ளிக்கு ஈடாக நிக்கல் கலந்து அடித்தனர். தாளைக் கொடுத்து வெள்ளி கேட்டவரிடம் காசுக்கடைக்காரர் வட்டம் பிடித்தனர். போர் முடிந்தது, மக்கள் அதனை மறந்தனர்.

நிற்க. 1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. வெள்ளி ரூபாய் மீண்டும் பெட்டிக்குள் மறையத் தொடங்கியது. 1940-இல் அரசாங்கத்தார் தேவைக்கு மிஞ்சி நாணயத்தைத் திரட்டி வைத்தல் குற்றமென விதித்தனர். ஒரு ரூபாய்த் தாளை மறுபடியும் வழங்கினர். ரூபாயில் 12-இல் 11 பங்காயிருந்த வெள்ளியைப் பாதியாகக் குறைத்தனர். 1941 டிசம்பரில் ஜப்பான் போரிற் புகுந்தது. 1942 பிப்ரவரியிற் சிங்கப்பூரும், மார்ச்சில் ரங்கூனும் வீழ்ந்தன. ஏப்ரலில் விசாகப்பட்டினத்தின்மீது குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளூர்களுக்கு ஓடினர். அரசு மாறினால் தாள் என்னாகுமோ என்று அஞ்சியவர்கள் உலோகத்தையே நம்பினர். வெள்ளியோடு வெண்கலக் காலணாவையும் குடத்திலிட்டுப் புதைத்தனர். செம்பின் விலை ஏறவே உருக்குவோரும் தோன்றினர். படைகள் பெருகிப் பண்டங்களின் விலையும் உயர்ந்தமையால், முன்னினும் மிகுதியான சில்லறை வேண்டியதாயிற்று. வேண்டுவது பெருக, இருப்பது சுருங்கியது. இதுவே பஞ்சத்தின் பிறப்பு.

அக்காலத்துக் கடைவீதியிற் கேட்ட சொல் "சில்லறை இல்லை" என்பதே. முக்காலணாவிற்குப் பண்டம் வாங்கி ஓரணாக் கொடுத்தவன் மீதிக் காலணாவைக் கேட்பான். சிலர் அவன் வேண்டாத பண்டமொன்றை அதற்கு ஈடாகக் கையில் திணித்தனர். சிலர் அஞ்சல் தலையைக் கொடுத்தனர். அது வியர்வையில் ஒட்டியும் கிழிந்தும் போயிற்று. சிலர் சீட்டெழுதித் தந்தனர். அச்சீட்டோ அந்தக் கடையிலன்றி வேறெங்குஞ் செல்லாது. ஆகவே காலணாவிற்காக அவன் அக்கடைக்கே அடிமையானான். வேறு சிலர் ஒன்றுங் கொடாது, "நாளை வா" என்றனர். அந்த நாளை வந்ததில்லை.

சிற்றரசுகளும் இத்துன்பத்திற்குத் தப்பவில்லை. பிகானேர், மோர்வி, நவாநகர், ஜுனாகட் முதலிய சமஸ்தானங்கள் நாணயத்திற்கு ஈடாக அட்டைச் சீட்டுகளை அச்சிட்டு வழங்கின. நம் அண்டை நாடாகிய இலங்கையில் 1942-இல் ஐந்து சதத்திற்கும் தாள் அடித்தனர். அத்தாளின் நடுவே துளை வரிசையிட்டு, இரண்டு சதமாகவும் மூன்று சதமாகவும் கிழித்து வழங்குமாறு செய்தனர். சில்லறை இன்மையின் கொடுமையை இதனினும் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

இனி, இழப்பை எண்ணிப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஒரு காலணா இழந்தவன் 64 நாளில் ஒரு ரூபாய் இழந்தான். பத்து ரூபாய்க்குச் சரக்கு வாங்கும் செல்வனுக்கு ஒரு காலணா 640-இல் ஒரு பங்கு. ஓரணாவிற்கு வாங்கும் கூலியாளனுக்கோ அது நாலில் ஒரு பங்கு. இழந்த காசு ஒன்றே; வலி ஒன்றன்று. மேலும், செல்வன் மாதக் கணக்கு வைத்து முழு ரூபாயாகத் தீர்ப்பான். அவனுக்குச் சில்லறை தேவையே இல்லை. ரொக்கம் கொடுத்துச் சிறுகச் சிறுக வாங்குபவனே ஒவ்வொரு முறையும் இழந்தான். கடன் வைப்பவனைக் காட்டிலும் கையிற் காசு கொடுப்பவன் தண்டிக்கப்பட்டான் என்பது எவ்வளவு முறைகேடு!

இவ்விடத்து வணிகர் அனைவரையும் பழித்தல் நடுநிலையாகாது. சில்லறையைப் பதுக்கி வைத்தோரிடம் வட்டங் கொடுத்து வாங்கி வந்து, அந்நட்டத்தைத் தாமே தாங்கினோரும் உண்டு. ஆயினும் இல்லாமையால் கொடாதவனும், பெட்டிக்குள் வைத்துக்கொண்டே இல்லையென்றவனும் சொன்ன சொல் ஒன்றே ஆதலின், வாங்குவோனால் இருவரையும் பிரித்தறிய இயலவில்லை. பஞ்சம் பொய்யனுக்கும் மெய்யனுக்கும் ஒரே போர்வையைக் கொடுத்தது.

பஞ்சம் தணிந்தது எவ்வாறு? பதுக்கினோரைத் தண்டித்த அளவில் அது தீர்ந்துவிடவில்லை. காசு பெருகவே தணிந்தது. 1942 முதல் நிக்கலும் பித்தளையும் கலந்த மலிவான அரையணா, ஓரணா, இரண்டணாக்கள் வந்தன. 1943-இல் லாகூரிற் புதிய அக்கசாலை தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே நடுவில் துளையுள்ள ஓட்டைக் காலணா பிறந்தது. அது பழைய காலணாவின் எடையிற் பாதிக்கும் குறைந்தது, உருக்கினால் ஊதியமில்லை, ஆதலால் பதுக்குவாரும் விரும்பிலர்.

இதனோடு இக்கதை முடிந்ததா? இல்லை. 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் ரூபாய்க்கு 100 நயா பைசா என்னும் முறை வந்தது. ஓரணா ஆறேகால் நயா பைசா ஆயிற்று. அரைக்கு மேற்படாத பின்னத்தை விட்டுவிடுக, மேற்பட்டதை ஒன்றாகக் கொள்க என்பது விதி. அவ்விதிப்படி ஓரணா ஆறாயிற்று. காலணாவோ ஒன்றரைக்குச் சற்று மேற்பட்டதாதலின் இரண்டாயிற்று. நான்கு காலணாவைத் தனித்தனியே செலுத்துவோன் எட்டும், சேர்த்துச் செலுத்துவோன் ஆறும் கொடுப்பான். ஈண்டும் சிறுக வாங்கியவனே மிகுதியாகக் கொடுத்தான்.

2011 ஜூன் 30-ஆம் நாளோடு 25 பைசாவும் அதனிற் சிறியனவும் வழக்கொழிந்தன. 50 பைசா சட்டப்படி செல்லும்; ஆயினும் கடைகளில் அதனை வாங்குவார் அரியர். 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையாற் கைப்பேசி வழியே செலுத்துவோர் பைசாவும் பிசகாமற் கொடுக்கின்றனர். ரொக்கங் கொடுக்கும் முதியோரும் சிறுவரும் கூலியாட்களுமே "சில்லறை இல்லை" என்ற பழஞ்சொல்லை இன்றுங் கேட்கின்றனர்.

என் மாணாக்கன் ஒருவனிடம் பத்து ரூபாய் கொடுத்து எட்டு ரூபாய்க்கு எழுதுகோல் வாங்கிவரப் பணித்தேன். எழுதுகோலோடு இரண்டு மிட்டாயைக் கொணர்ந்து மேசைமேல் வைத்தான். "சில்லறை இல்லையாம், ஐயா" என்றான். சற்றுநேரம் நின்று, "நாளைக்கு இந்த மிட்டாயைக் கொடுத்தால் அவர் காசாக வாங்கிக்கொள்வாரா, ஐயா?" என்று வினவினான். நாணய வரலாறு முழுவதையும் படித்தாலும் இவ்வினாவிற்கு மேற்பட்டதொன்றை நான் கேட்டிருக்க இயலாது. அவனுக்கு விடை சொல்ல என்னால் ஆகவில்லை.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழுமிடத்து, அவர்தம் செல்வத்தை மட்டும் சொல்லி அமையாது, வாங்குதலிலும் விற்றலிலும் அவர்க்கிருந்த நேர்மையையும் சிறப்பித்துப் பேசுகின்றது. நம் சங்கத்தாருள் கடை வைத்திருப்போர் பலர். அவர்கட்கு நான் வேண்டுவது சிறிதே. காலையிற் கடை திறக்குமுன் பெட்டியிற் சில்லறை நிரப்புக. அது தீர்ந்துழி, மீதியை வாங்குவோன் பக்கமே விட்டுவிடுக. ஒன்பதரையைப் பத்தாக்காமல் ஒன்பதாக்குக. வாங்குவோரும் உண்டியலிற் கிடக்கும் காசை அவ்வப்போது கடைக்குக் கொணர்க. அரை ரூபாயால் எந்தக் கடையும் வீழ்ந்ததில்லை. அவ்வரை ரூபாயை நாள்தோறும் இழந்து வருபவன், அதனைக் கேட்க நாணி வாய்மூடிச் செல்கின்றான். அவன் கேளாமுன் கொடுப்பதே வாணிக அறம்.