ஓய்வுநாள் எது? நாசரேத்தில் எழுந்த வழக்கு

லாலாகுடாவில் 1893ஆம் ஆண்டு நிஜாம் அரசின் உத்தரவாதம் பெற்ற இரயில்வேயின் பணிமனை எழுந்தது. இரயில்வே வேலையை நாடி இப்பகுதிக்கு வந்து குடியேறியவர்களுள் தமிழரும் உண்டு. அந்நாளில் நிஜாம் அரசின் அலுவலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பிரிட்டிஷ் இந்தியாவிலோ ஞாயிற்றுக்கிழமை. ஆட்சி மாறினால் விடுமுறை நாளும் மாறும் என்பதற்கு இவ்வூரார்க்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால், வழிபாட்டு நாளும் அவ்வாறு மாறத்தக்கதா? கிறிஸ்தவர் ஓய்ந்திருந்து இறைவனைத் தொழ வேண்டிய நாள் சனியா, ஞாயிறா? இவ்வினா தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் எழுந்து, ஒரு சபையையே பிரித்த வரலாறு நாம் அறியத்தக்கது.

வழக்கின் வேர் மிகப் பழையது. பத்துக் கட்டளைகளுள் ஒன்று ஏழாம் நாளை ஓய்வுநாளாக ஆசரிக்கச் சொல்கிறது. யூதர் கணக்கில் அது சனிக்கிழமை. இயேசுவும் அவருடைய சீடரும் அந்நாளில் தொழுகைக் கூடத்திற்குச் சென்றவர்களே. எனினும், இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாளில் என்பதால், அந்நாளில் கூடும் வழக்கம் தொடக்கத்திலேயே தோன்றியது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜஸ்டின் என்னும் அறிஞர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விரிவாக வருணித்திருக்கிறார். கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையைப் பொது ஓய்வுநாளாக்கி ஆணையிட்டார். அந்நூற்றாண்டிலேயே லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், சனிக்கிழமையில் வேலையின்றி ஓய்ந்திருத்தல் கூடாதெனத் தடை விதித்தது. தடை விதிக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, அவ்வழக்கம் அன்றும் மறையவில்லை என்பது தெளிவு. எத்தியோப்பியத் திருச்சபையோ இரு நாள்களையும் போற்றி வந்துள்ளது.

இனித் திருநெல்வேலிச் சீமைக்கு வருவோம். நாசரேத் மிஷனில் உபதேசியாராக இருந்தவர் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை. மிஷனெரி காம்மெரருடன் மாறுபட்டு அவர் பணியை விட்டு நீங்க நேர்ந்தது. 1849இல் கால்டுவெல் வெளியிட்ட நூல் ஒன்று நாடார் சமூகத்தைத் தாழ்வாகச் சித்திரித்ததும் அவர் உள்ளத்தைப் புண்படுத்தியது. 1857இல் அவரும் அவரைச் சார்ந்தோரும் பிரிந்து சென்று, நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் தனிச் சபை கண்டனர். ஐரோப்பியக் குருமாரின் தலைமையை அவர்கள் ஏற்கவில்லை; வெளிநாட்டுப் பணத்தையும் நாடவில்லை.

கிறிஸ்து தோன்றியது ஆசியாவில். ஐரோப்பியரின் பழக்கங்கள் யாவும் கிறிஸ்துவின் கட்டளைகள் ஆகா. இதுவே அவர்கள் வாதம். ஆகவே அவர்கள் எபிரேய வேதத்தையே நேரே நாடினர். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டனர். வேதத்திற் கூறிய பண்டிகைகளை ஆசரித்தனர். வெள்ளைக்காரப் பாதிரியார் வகுத்த நாளை மறுத்து, வேதம் வகுத்ததாகத் தாம் கண்ட நாளை ஏற்றது, சமயச் செயல் மட்டுமன்று, தன்மானச் செயலுமாகும்.

சனிக்கிழமை ஆசரிப்பை வற்புறுத்தும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபை அமெரிக்காவில் 1863இல் அமைந்தது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே பிரகாசபுரத்தில் இச்சபை தோன்றிவிட்டது என்பது நோக்கத்தக்கது. அட்வென்டிஸ்டு ஊழியர் ஜேம்ஸ் 1908ஆம் ஆண்டளவில் அங்கு வந்தபோது, ஓய்வுநாளை முன்னரே போற்றி வந்த தமிழரைக் கண்டார். அவர் பெயர் தாங்கிய பள்ளி பிரகாசபுரத்தில் உள்ளது. ஆகவே, சனிக்கிழமை வழிபாடு தமிழருக்கு அயல்நாட்டார் கற்பித்த புதுமை என்று தள்ளிவிடுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஊரில் நிலமும் தொழிலும் தமதாக உள்ளவர் தாம் விரும்பிய நாளில் ஓய்ந்திருக்கலாம். தொழிற்சாலையில் சங்கு ஊதும் நேரத்திற்கு உழைப்பவர்க்கு அது அரிது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறைகூட எளிதாகக் கிட்டியதன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்காக நாராயண் மேகாஜி லோகாண்டே பல ஆண்டுகள் போராடிய பின்னரே 1890இல் அது கிடைத்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஞாயிறன்று விடுமுறை வகுத்தது. அன்று வேலை வாங்கினால், அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாள்களுக்குள் ஒரு முழுநாள் ஓய்வு தர வேண்டும் என்றது. சட்டம் காப்பது மனிதனின் ஓய்வை. ஒரு நாளின் புனிதத்தை அன்று. ஆதலின், ஞாயிறு தொழுவோர்க்கு விடுமுறை தானே வாய்க்கிறது. சனி தொழுவோர் பல இடங்களில் கூலியையோ பதவி உயர்வையோ இழந்தே தம் நாளைக் காக்கின்றனர்.

யாத்திராகமம் ஓய்வுநாளுக்குக் காரணமாகப் படைப்பைக் கூறுகிறது. உபாகமமோ, எகிப்தில் அடிமைப்பட்டிருந்ததை நினைவூட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும் என்கிறது. நாள்களைப் பற்றி ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டலாகாது என்பது ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் தரும் அறிவுரை. சனியோ ஞாயிறோ, அவரவர் மனத்தெளிவின்படி தேர்வது அவரவர் உரிமை. ஆனால், தன் நாளைப் போற்றுகின்றவர் அயலாருடைய நாளையும் மதித்தல் வேண்டும். பல மொழியினரும் பல சமயத்தினரும் ஒரே பணிமனையில் தோளோடு தோள் நின்று உழைக்கும் லாலாகுடா போன்ற ஊர்களில், சக தொழிலாளி தொழப் போகும் நாளில் அவருடைய முறைவேலையை மனமுவந்து ஏற்றுக்கொள்வதும் ஓய்வுநாளைப் போற்றுவதேயாகும்.