மூளையின் கணினி மாதிரிகள்

மூளை சிந்திப்பதையும் கற்பதையும் சமன்பாடுகளாக எழுதி, கணினியில் ஓட்டிப் பார்க்கும் துறை. தமிழ்நாட்டில் இதன் முக்கியக் களம் சென்னை ஐ.ஐ.டி.

1943இல் வாரன் மெக்கல்லக்கும் வால்ட்டர் பிட்ஸும் நரம்பணுவை ஒரு எளிய தர்க்க உறுப்பாகக் காட்டினார்கள்: வரும் சமிக்ஞைகளின் கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் அணு இயங்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். சேர்ந்து இயங்கும் அணுக்களின் இணைப்பு வலுப்படுவதே கற்றல் என்று 1949இல் டொனால்டு ஹெப் சொன்னார்.

உண்மையான நரம்பைக் கணக்கில் பிடித்தவர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். கணவாயின் தடித்த நரம்பிழையை ஆராய்ந்து, முடிவுகளை 1952இல் வெளியிட்டார்கள். நரம்புத் துடிப்பு சிவகாசி வெடித்திரியைப் போன்றது. எரியும் இடம் அடுத்த இடத்தைப் பற்றவைக்கும், வழியில் வலு குறையாது. ஆனால் திரி கருகிவிடும். நரம்பிழையோ சில மில்லிநொடிகளில் அடுத்த துடிப்புக்குத் தயாராகிவிடும். இந்த இரண்டையும் நான்கு சமன்பாடுகள் விளக்கின. கேம்பிரிட்ஜ் கணினி அப்போது கைகொடுக்காததால், ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்குப்பொறியிலேயே விடை கண்டார்.

ஃபிராங்க் ரோசன்பிளாட்டின் கற்கும் வலையமைப்பான 'பெர்செப்ட்ரான்' (1958) கிளப்பிய ஆர்வம், மின்ஸ்கி, பேப்பர்ட் இருவரும் அதன் வரம்புகளைக் காட்டிய 1969ஆம் ஆண்டு நூலுக்குப் பின் தணிந்தது. ஜான் ஹாப்ஃபீல்டின் நினைவு வலையமைப்பு (1982) அந்த ஆர்வத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தது. அவரும் ஜெஃப்ரி ஹின்டனும் 2024இல் இயற்பியல் நோபல் பெற்றார்கள். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பி. யக்ஞநாராயணாவின் செயற்கை நரம்பு வலையமைப்பு நூல் 1999இல் வந்தது. ஆனால் செயற்கை நரம்பு வலையமைப்பு பெரும்பாலும் இயந்திரத்துக்குக் கற்பிக்கும் வழி.

மூளையையே புரிந்துகொள்ளும் வழியில் போனவர் அதே நிறுவனத்தின் வி. சீனிவாச சக்கரவர்த்தி. மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா பற்றிய பழைய விளக்கத்தில் 'செல்', 'நில்' என்ற இரண்டு பாதைகளே உண்டு. இரண்டுக்கும் நடுவில் 'தேடிப் பார்' என்ற மூன்றாவது நிலையும் உண்டு என்று அவரும் டென்னி ஜோசப்பும் ராஜு பாபியும் 2010இல் எழுதினார்கள். 'நில்' பாதையில் இருக்கும் அணுக்கூட்டங்களின் ஒழுங்கற்ற அதிர்வே அந்தத் தேடலுக்கு ஊற்று என்பது அவர்கள் வாதம்.

ஒரு மாதிரி சரியாக ஓடுவது பெரிதல்ல. பழுதாக்கினால் நோயாளியைப் போலவே தடுமாறுகிறதா என்பதுதான் சோதனை. பேசல் கேங்லியாவைப் பாதிக்கும் பார்க்கின்சன் நோய் உள்ளவர் எழுதத் தொடங்கும்போது எழுத்து ஓரளவு சரியாகவே இருக்கும்; போகப்போகச் சுருங்கிப் பொடியாகும். சக்கரவர்த்தி குழுவின் கையெழுத்து மாதிரியில் (2009) டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறைந்த நிலையை உண்டாக்கியபோது எழுத்து அப்படியே சுருங்கியது. குறுகிய வாசலை நெருங்கும்போது நோயாளியின் நடை தளர்வதையும் 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து மாதிரியாக்கினார்கள். மருந்துக்கு மாற்றாக அல்ல, கோளாறு எந்தப் பாதையில் என்று ஊகிக்க இவை உதவுகின்றன.

இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் நிதியுதவியால் ஐ.ஐ.டி.யில் கணிப்புசார் மூளை ஆய்வு மையம் உருவானது. அங்கேயே 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருப்பருவச் சிசு மூளைகளின் 5,132 சீவல்களைப் படமாக்கி, 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் வெளியிட்டது. இதை மாதிரி என்று சொல்ல முடியாது. அணுக்கள் எங்கே உள்ளன என்று காட்டும் வரைபடம். எவரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் உள்ளது.