உருகியதா, தளர்ந்ததா? தெர்மைட் வாதத்தின் வரலாறு

2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் பழைய இரும்பை இறக்கியது. நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று இடிந்து விழுந்த உலக வர்த்தக மையத்தின் எஃகு அது. கல்நார் முதலான நச்சுப் பொருள்கள் அதில் ஒட்டியிருக்கக்கூடும் என்று இங்குள்ள சுற்றுச்சூழல் அமைப்புகள் எச்சரித்தன. அதே காலத்தில் அமெரிக்காவின் 'ஃபயர் இன்ஜினியரிங்' இதழாசிரியர் பில் மேனிங் வேறொரு கேள்வியை எழுப்பினார்: விசாரணை முடியுமுன்பே தடயத்தை விற்றுத் தீர்ப்பது எவ்வாறு முறையாகும்? இருபது ஆண்டுகளைக் கடந்தும் ஓயாத ஒரு சர்ச்சையின் வேர்களில் ஒன்று இந்தப் பழைய இரும்பு வணிகத்தில் இருக்கிறது. அச்சர்ச்சையின் மையத்தில் நிற்கும் பொருள் தெர்மைட்.

தெர்மைட்டில் மர்மம் ஏதுமில்லை. ஜெர்மானிய வேதியியலாளர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்புரிமை பெற்ற கலவை அது. எடையில் ஏறத்தாழ மூன்று பங்கு இரும்பு ஆக்சைடுத் தூள், ஒரு பங்கு அலுமினியத் தூள். பற்றவைத்தவுடன் அலுமினியம் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது; ஏறத்தாழ 2500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரும்பு உருகி வழிகிறது. எரிவதற்குக் காற்று தேவையில்லை. 1899இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் டிராம் தண்டவாளங்களை இணைக்க இது பயன்பட்டது. இந்திய ரயில்வேயும் தண்டவாளப் பற்றவைப்புக்கு இம்முறையைக் கையாள்கிறது. இணைக்க மட்டுமன்றி வீழ்த்தவும் இது உதவியதுண்டு: சிகாகோ உலகக் கண்காட்சிக்கென எழுப்பப்பட்ட எஃகுக் கோபுரங்களில் ஒன்று 1935இல் அதன் கால்களைத் தெர்மைட்டால் உருக்கிச் சாய்க்கப்பட்டது. ஆகவே தெர்மைட் எஃகை அறுக்கும் என்போர் கூறுவது உண்மையே. அது முடியும் என்பதிலிருந்து அது நிகழ்ந்தது என்பதற்கு எவ்வாறு செல்வது என்பதே கேள்வி.

அன்று வீழ்ந்த பெரிய கட்டடங்கள் மூன்று. விமானம் மோதிய 56 நிமிடங்களில் தெற்குக் கோபுரமும், 102 நிமிடங்களில் வடக்குக் கோபுரமும் சரிந்தன. 47 மாடிகள் கொண்ட ஏழாம் எண் கட்டடத்தில் விமானம் மோதவில்லை. இடிபாடுகளால் தீப்பற்றிப் பல மணி நேரம் எரிந்து, மாலை 5.20 மணியளவில் வீழ்ந்தது.

சர்ச்சைக்கு வழிவகுத்தவற்றுள் ஒரு சொல்லும் உண்டு. தொடக்க நாள்களில் விமான எரிபொருள் எஃகை 'உருக்கிவிட்டது' என்று ஊடகங்களும் வல்லுநர் சிலரும் விளக்கினர். எஃகு உருக ஏறத்தாழ 1500 டிகிரி வேண்டும். இத்தகைய தீ 1000 டிகிரியை ஒட்டியே நிற்கும். எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஈகர் 2001 டிசம்பரிலேயே ஒரு கட்டுரையில் இதைத் திருத்தினார்: எஃகு உருகவில்லை, தளர்ந்தது. 650 டிகிரியை எட்டும்போது எஃகு தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. ஆயினும் முதலில் சொன்ன சொல்லே நிலைத்தது. 'எரிபொருள் எஃகை உருக்காது' என்ற சரியான கூற்று, 'ஆகவே வேறொன்று உருக்கியது' என்ற தவறான முடிவுக்குப் படிக்கட்டாயிற்று.

அந்த 'வேறொன்று' தெர்மைட்டே என்று 2005இல் வாதிட்டவர் பிரிகாம் யங் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஸ்டீவன் ஜோன்ஸ். தெற்குக் கோபுரத்தின் மூலையிலிருந்து வழிந்த செம்மஞ்சள் நிற உலோகக் குழம்பை அவர் சான்றாகக் காட்டினார். அது விமானத்தின் அலுமினியமாக இருக்கலாம் என்பது அரசு ஆய்வாளர்களின் விளக்கம். 2009இல் நீல்ஸ் ஹாரிட், ஜோன்ஸ் உள்ளிட்டோர், கட்டடத் தூசியில் கிடைத்த சிவப்பு-சாம்பல் நிறச் செதில்கள் எரியாது எஞ்சிய நானோ தெர்மைட் என்று ஒரு கட்டுரை வெளியிட்டனர். தன் அறிவுக்கு எட்டாமலேயே அது வெளியானதாகக் கூறி அவ்விதழின் தலைமை ஆசிரியர் பதவி விலகினார்.

பதவி விலகலால் ஒரு கட்டுரை பொய்யாகிவிடாது. அதன் தரவைத்தான் பார்க்க வேண்டும். தெர்மைட் ஒரு கிராமுக்கு அதிகபட்சம் வெளியிடக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 3.9 கிலோஜூல். அக்கட்டுரையின் செதில்களில் சில 6 கிலோஜூலும் அதற்கு மேலும் வெளியிட்டன. மிகுதி ஆற்றல் செதிலில் இருந்த கரிமப் பொருளிலிருந்து வந்திருக்கலாம் என்று கட்டுரையாளர்களே கருதினர். அச்சோதனையோ காற்றில் நடத்தப்பட்டது. காற்றில் எந்தக் கரிமப் பிசினும் எரிந்து வெப்பம் தரும். காற்றில்லாச் சூழலில் சோதித்திருந்தால் மட்டுமே தெர்மைட்டைப் பிரித்தறிய முடியும். 2012இல் ஜேம்ஸ் மில்லெட் இத்தகைய செதில்களை ஆராய்ந்து, அவற்றில் தனி அலுமினியம் இல்லை என்றும், எப்பாக்சிப் பிசின், இரும்பு ஆக்சைடு நிறமி, கயோலின் களிமண் ஆகியன கலந்த பூச்சே அது என்றும் அறிவித்தார். இரும்பும் அலுமினியமும் ஆக்சிஜனும் தெர்மைட்டில் மட்டும் இருப்பவை அல்ல. துருத்தடுப்புப் பூச்சிலும் இருப்பவையே.

எனினும் ஐயம் எழுப்பியோர் எங்கும் தோற்றனர் என்று எழுதுவது நேர்மையாகாது. தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், ஏழாம் கட்டடம் குறித்த வரைவறிக்கையை 2008 ஆகஸ்டில் வெளியிட்டபோது, இயற்பியல் ஆசிரியர் டேவிட் சாண்ட்லர் அதன் வீழ்ச்சி வேகக் கணக்கைக் கேள்விக்குள்ளாக்கினார். நவம்பரில் வந்த இறுதி அறிக்கை, கட்டடம் 2.25 விநாடிகள் தடையற்ற வீழ்ச்சியில் இருந்ததை ஒப்புக்கொண்டது. வெப்ப விரிவால் ஓர் உத்தரம் பிடிநழுவி, 79ஆம் எண் தூண் வளைந்து, உட்பகுதி சரிந்த பிறகு, எட்டு மாடி உயரத்துக்கு வெளித்தூண்கள் வளைந்து எதிர்ப்பிழந்ததே அதற்குக் காரணம் என்பது நிஸ்ட்டின் விளக்கம். தெர்மைட் எச்சத்துக்கான சோதனையை அந்நிறுவனம் நடத்தவில்லை. அத்தனிமங்கள் கட்டுமானப் பொருள்களிலும் இருப்பதால் சோதனை முடிவான விடை தந்திராது என்பது அது கூறிய காரணம். காரணம் பொருத்தமானதாயினும், சோதிக்காமல் விட்டது ஐயத்துக்கு இடம் தந்தது.

தீயால் மட்டும் எஃகுச் சட்டக உயர்கட்டடம் முற்றாக வீழ்ந்ததில்லை என்பது ஐயுறுவோரின் வலுவான வாதமாக இருந்தது. 2017 ஜனவரி 19 அன்று டெஹ்ரானின் பிளாஸ்கோ கட்டடம் தீயில் எரிந்து முழுவதுமாகச் சரிந்தது; உள்ளே போராடிய தீயணைப்பு வீரர்கள் பலர் மாண்டனர். அதற்குப் பிறகும் சர்ச்சை ஓயவில்லை. ஐயுறுவோர் அமைப்பொன்றின் நிதியில் அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, ஏழாம் கட்டடம் தீயால் வீழவில்லை என்று 2020இல் முடிவு கூறியது.

இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று. தீயே காரணம் என்ற முடிவின் மேல்தான் மாற்றங்கள் எழுந்தன: 420 அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குக் கூடுதல் படிக்கட்டு, இருளிலும் ஒளிரும் வழிக்குறிகள், எஃகின் மேல் உறுதியான தீத்தடுப்புப் பூச்சு. தெர்மைட் இன்றி எஃகு வீழாது என்று நம்புகிறவருக்கு இவை வீண்செலவாகத் தோன்றும். பிளாஸ்கோவில் மாண்டவர்களின் கதை வேறு பாடம் சொல்கிறது.

நிஸ்ட்டின் கைக்கு வந்தவை 236 எஃகுத் துண்டுகள். கோபுரங்களின் எஃகோ ஏறத்தாழ 2 இலட்சம் டன். ஏழாம் கட்டடத்துடையது என்று உறுதியாக அடையாளம் காணத்தக்க துண்டு ஒன்றும் அவற்றில் இல்லை. விசாரணைக் குழுக்களுக்குத் தடயங்களைக் காக்கும் அதிகாரம் தரும் சட்டம் 2002 அக்டோபரில் நிறைவேறியது. அதற்குள் எஃகின் பெரும்பகுதி விற்பனையாகியிருந்தது. கோபுரங்களில் எஃகு உருகியதா என்ற வாதம் தொடரலாம். விற்கப்பட்ட எஃகு வார்ப்பாலை உலைகளில் உருகியது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஐயமில்லை.